ஓடையில் நான் கண்ட குற்றம்

டார்னெய்ட்,
ஞாயிறு காலை.

அன்பின் ஷாமளாவுக்கு,

நானும் மகளும் சுகம். உன் அக்காவின் கால் எப்படி? சத்திரசிகிச்சை முடிந்து ஆறு கிழமை அவவோடு நிற்பேன் என்று கிரவீனில் அவவின் வீட்டுக்குப் போனாய்; இது ஒன்பதாவது கிழமை. மூன்று நாளாகப் போனையும் எடுக்கிறாயில்லை. அதனால்தான் கடிதம்.

நேற்று நான் வைத்த பருப்பைப் பார்த்துவிட்டு, அம்மா எப்போது வருவா என்று அக்ஷரா கேட்டாள்.

நேராகவே சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான். அங்கே போன பிறகு அருந்தவனின் யாப்பு வகுப்பில் சேர்ந்தாய். நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மழை பெய்வதை வெண்பாவாக எழுதினாய். அந்த மனுஷன் அதை நாமிருவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் சீர் சீராகப் பிரித்து மேய்ந்திருந்தார். எதுகையைப் பாருங்கள், மோனையைப் பாருங்கள் என்று ஒரே புகழ்ச்சி. கடைசி அடி ஒரு சீர் குறைந்து முடிவது, மழை சட்டென்று விட்டதுபோல் இருக்கிறதாம். அவர் அந்த ஓடையைக் கண்டதேயில்லை!

எனக்குப் பொறுக்கவில்லை. லீவு போட்டு, யூடியூப் பார்த்து அசை பிரிக்கப் பழகினேன். 'ஓடையிலே' என்பது கனிச்சீர், வெண்பாவில் கனி வரக்கூடாது, மாஸ்டர் கவனிக்கவில்லையோ என்று நாற்பது பேர் முன்னால் எழுதினேன். சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகிவிடும், அது காய்ச்சீர்தான் என்று அவர் பணிவாகப் பதில் போட்டார். அந்தப் பணிவு இன்னும் எரிகிறது. நான் அடிக்க நினைத்தது அவரை. அடி உன் பாட்டில் விழுந்தது பிறகுதான் விளங்கியது.

அன்றைக்கு நீ அனுப்பியது ஒரே வரி: "முதல் உங்களுக்குத்தானே போனில வாசிச்சுக் காட்டினனான்."

ஓம், இப்போது நினைவு வருகிறது. நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லாயிருக்கு, பேந்து கதைக்கிறன் என்று போனை வைத்தேன். பிறகு கதைக்கவேயில்லை. நான் கேட்காததை அவர் கேட்டார், அவ்வளவுதான் நடந்தது.

அக்கா நடக்கத் தொடங்கியதும் வந்துவிடு. அந்த வெண்பாவை எனக்கு இன்னொருக்கா வாசி. டிவி போடமாட்டேன், அசையும் எண்ணமாட்டேன். வகுப்பை விடு என்று சொல்லவில்லை. அடுத்த பாட்டையும் அவருக்குக் காட்டு. ஆனால் எனக்குப் பிறகு காட்டு, ஷாமளா.

என்றும் உன்,
தேவன்