நூறு சதவீதம் வந்த வருடம்

மேலப்புஞ்சை, மதுரை
3-8-2025

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

சத்யப்ரியா எழுதுகிறேன். நலமா? நீ திருப்பூரில் இருக்கிறாய் என்பது தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. கோச்சடையில் உன் தம்பி பாண்டிராஜைப் பிடித்து விலாசம் வாங்கினேன். போன் நம்பர் கேட்டால், "அக்கா யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு டீச்சர்" என்கிறான். அப்படி என்னடி கோபம் ஊர்மேல்?

நாம் படித்த பள்ளிக்கு ஐம்பது வயதாகிறது. நான் ஆறு வருடமாக அங்கேதான் தமிழ் எடுக்கிறேன். பொன்விழா மலர் வேலை முழுவதும் என் தலையில். பள்ளி வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கீற்றுக் கொட்டகையில் முப்பத்தோரு பிள்ளைகளோடு ஆரம்பித்தது, முதல் கட்டடத்துக்கு உன் அப்பா முத்திருளன் தன் மாட்டுவண்டியில் செங்கல் ஏற்றி வந்தது எல்லாம் வருகிறது. 2004-ல் நம் செட் பத்தாம் வகுப்பில் முதல்முறையாக நூறு சதவீதம் தேறியதும் வருகிறது. அந்தக் கேடயம் இன்றும் ஆபீஸ் ரூமில் நடுநாயகமாக நிற்கிறது.

நீயும் ஒரு பக்கம் எழுது. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் தினமும் மணி அடித்தவள் நீதானே. எட்டி அடிக்க உன்னை விட்டால் வேறு உயரமான பிள்ளை ஏது?

உன் இரண்டாம் பெஞ்சுத் தோழி,
சத்யா

---

திருப்பூர்
19-8-2025

சத்யாவுக்கு,

நலம். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். துணியில் ஓட்டை, பிசிறு இருந்தால் எடுத்துத் தனியாகப் போடும் வேலை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

ஒரு பக்கம் கேட்டாய். நாலு வரிதான் வந்தது. மாற்றாமல் போடு.

"பத்தாம் வகுப்பில் நான் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. 2003 நவம்பரில் பதினைந்து நாள் தொடர்ந்து வரவில்லை என்று ரெஜிஸ்டரில் எழுதி, பரீட்சைக்குப் பெயர் அனுப்பும் முன்பே என் பெயரை அடித்தார்கள். கணக்கில் தேறமாட்டேன் என்பதுதான் காரணம். இன்னும் மூன்று பேருக்கும் இதே கதி. அந்தப் பதினைந்து நாளும் காலையும் மாலையும் பள்ளிக்கூட மணியை அடித்தது நான்."

அப்பாவைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்தபோது ரெஜிஸ்டரையும் விரித்துக் காட்டினார்கள். அப்பா அந்த வேப்பமரத்தடியிலேயே என்னை அடித்தார். "பதினஞ்சு நாளு எங்கிட்டு சுத்துன? எவன்கூடச் சுத்துன?" அடுத்த வருடம் தையில் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்.

ரெஜிஸ்டரை நானும் எட்டிப் பார்த்தேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து.

அன்னக்கொடி

---

மேலப்புஞ்சை
2-9-2025

அன்புள்ள அன்னம்,

உன் கடிதத்தை நாலு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். மறுபடி பிரிக்கப் பயமாக இருந்தது.

எழுதியது நான்தான். நம் வகுப்பாசிரியர் சிவராம் சார், "ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா, அடித்தல் திருத்தல் இல்லாம எழுது" என்று ரெஜிஸ்டரைக் கொடுத்தார். அவர் பென்சிலில் புள்ளி வைத்திருந்த கட்டத்தில் எல்லாம் ஆப்சென்ட் போட்டேன். நான் அதை எழுதும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து, உன் டப்பாவிலிருந்து எனக்கும் புளிச்சோறு பங்கு வைத்துக்கொண்டிருந்தாய். அதை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது அன்னம். சார் சொன்னால் செய்கிற வயது.

நீ எழுதியதை மலரில் போட முடியாது. சிவராம் சார்தான் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். எச்.எம். படித்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா இது எதுக்கு டீச்சர்?" என்று திருப்பித் தந்துவிட்டார். எனக்கும் இங்கே வேலை பார்த்தாக வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. வேறு என்ன சொன்னாலும் செய்கிறேன்.

சத்யா

---

திருப்பூர்
12-9-2025

சத்யாவுக்கு,

வேறு என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றாய். சரி, மலர் வேண்டாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து கோச்சடையில் என் அப்பா வீடு பத்து நிமிட நடை. அவர் படுக்கையில் கிடக்கிறார். நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. நீ போய், "அன்னக்கொடி தினமும் வந்தாள், நான்தான் பொய்யாக எழுதினேன்" என்று உன் வாயால் சொல். நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம்கூடச் செய்தேன். "பள்ளிக்கூடத்துல பொய் எழுத மாட்டாக" என்பதோடு முடித்துக்கொள்வார். அவர் செங்கல் ஏற்றிக் கட்டிய பள்ளிக்கூடம். பெற்ற மகளைவிட அந்தச் சுவர்மேல் அவருக்கு நம்பிக்கை.

இதிலே எனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பாய். ஊர் சுற்றியவள் என்ற எண்ணத்தோடு அவர் போய்விடக் கூடாது. அவ்வளவுதான்.

பாண்டிராஜை விட்டுப் போனை அவர் காதில் வைக்கச் சொல்லி, "சத்யா வருவாப்பா, வந்து உண்மையச் சொல்லுவா" என்றேன். "வரட்டும், கேப்போம்" என்றார். காத்திருக்கிறார். நீ சொல்லிவிட்டால் நமக்குள் பழசு எதுவும் இல்லை. தீபாவளிக்கு வந்து உன் வீட்டில் சாப்பிடுகிறேன்.

அன்னம்

---

மேலப்புஞ்சை
28-10-2025

அன்புள்ள அன்னம்,

விழா நன்றாக நடந்தது. மலர் ஒன்று இணைத்திருக்கிறேன். பதினேழாம் பக்கம் நம் ஒன்பதாம் வகுப்பு குரூப் போட்டோவில் நீ இருக்கிறாய். பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறேன்.

உன் அப்பாவைப் பார்த்தேன். தனியாகத்தான் போவதாக இருந்தேன். அதற்குள் எச்.எம்., "செங்கல் கொண்டுவந்த பெரியவரைக் கௌரவிக்கணும்" என்று சொல்லி எல்லோரையும் கிளப்பிவிட்டார். சிவராம் சார்தான் பொன்னாடை போர்த்தினார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா டீச்சரு, எம்மக அந்தப் பதினஞ்சு நாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாளா? நீ சொல்லு, நான் நம்புறேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சிவராம் சார் செருமினார். "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா? ஒடம்பப் பாத்துக்கங்க" என்றுதான் என் வாயில் வந்தது. உடனே போட்டோ எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு வாரத்தில் தனியாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன். அரையாண்டு வினாத்தாள் வேலை மட்டும் முடியட்டும். என்னை நம்பு.

சத்யா

---

கோச்சடை
23-11-2025

சத்யப்ரியா டீச்சருக்கு,

அப்பா எட்டாம் தேதி இறந்துவிட்டார். நேற்றோடு காரியம் முடிந்தது.

இரண்டு நாள் முன்னதாகவே நான் வந்துவிட்டேன். பேச்சு இருந்தது. தலைமாட்டில் பொன்னாடையை மடித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "அந்த டீச்சரு வந்துச்சு. வாயத் தொறந்து கேட்டேன். நீ சொன்ன மாதிரி ஒன்னும் சொல்லலையே. இன்னுமா ஆத்தா பொய் சொல்லிக்கிட்டிருக்க?"

என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது இதுதான். நீ போகாமலே இருந்திருந்தால்கூட, என்றைக்காவது வருவாய் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். நீ போய் நின்றுவிட்டுச் சும்மா வந்தாய். அதுவே அவருக்குச் சாட்சி ஆகிவிட்டது. பதினைந்து வயதில் எழுதியதை நான் என்றோ விட்டுவிட்டேன். முப்பத்தேழு வயதில் சொல்லாமல் வந்ததை என்னால் விட முடியவில்லை.

அப்பா இறந்த அன்றைக்கு நீ மாலையோடு வந்து வாசலில் நின்றதாகப் பாண்டிராஜ் சொன்னான். நான் உள்ளேதான் இருந்தேன். எழுந்து வரவில்லை.

இனிக் கடிதம் போடாதே, வந்தாலும் பிரிக்க மாட்டேன். என் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டுக்கொள். இந்த முறை அது உண்மை.

முத்திருளன் மகள்
அன்னக்கொடி