நோன்புமில்லை, சோறுமில்லை

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை (ஹிஜ்ரி 1446, ரமழான் பிறை 10)
முற்பகல் 10.20, கல்முனை
கடித இல. 7/2025: பகலில் சாப்பிடுவது தொடர்பாக

அன்பு மகள் நப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் சுகம். உன் சுகத்தை விசாரித்து இந்த இடத்தில் நான் வழக்கமாக எழுதும் வரியை இம்முறை விட்டுவிட்டேன், ஏனெனில் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மருமகன் முர்ஷித் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீ குளியலறையில் மயங்கி விழுந்ததையும், உன் இரைப்பை புண்ணாகிப் போனதையும், 13ஆந் திகதி கரு வைப்பதாக இருந்ததை டாக்டர் 27ஆந் திகதிக்குத் தள்ளியதையும், அதுவும் அதற்குள் வயிறு தேறினால்தான் என்று சொன்னதையும் கேட்டேன். அவர்மீது கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

பிள்ளைக்கான ஊசி மருந்து நடக்கும் காலத்தில் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், நீயும் நிய்யத்து வைக்கவில்லை. அது சரியான முடிவு. ஆனால் முர்ஷிதின் உம்மா, உன் மாமி சல்மா உம்மா, பெப்ரவரி 22இல் தோஹாவுக்கு வந்து உங்களோடு தங்கியிருப்பதால், அவர் கண்ணில் பட வெட்கப்பட்டு, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கும் எழும்பி, பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடியாமல், வெறும் வயிற்றில் மாத்திரைகளை விழுங்கி, மாலை மஃரிபு பாங்கு வரை நோன்பாளியைப்போல் இருந்திருக்கிறாய். நோன்புமில்லை, சோறுமில்லை. இது நம்மூர்ப் பெண்களின் பழைய வித்தை என்று எனக்குத் தெரியாமலில்லை. நோன்பு இல்லாத நாட்களில் உதட்டைக் காயவிட்டுக்கொண்டு, கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்து மற்றவர்களோடு பாங்குக்குக் காத்திருப்பார்கள். உன் உம்மாவும் இதே வீட்டில் அப்படித்தான் செய்தாள். ஒளித்துச் சாப்பிடக் குசினிக் கதவுக்குப் பின்னால் அவளுக்காவது ஓர் இடம் இருந்தது, நீ அதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் இஹ்ஸான் மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “நோயாளிக்கு நோன்ப விடலாம், பொறகு சுகமான நேரம் களாவாப் புடிக்கலாம் ஹாஜியார். ஒளிச்சிருந்து பட்டினி கிடக்கிற சட்டம் எந்தக் கிதாபிலயும் இல்ல” என்றார். ஆகவே மார்க்கத்தைப் பற்றிய கவலையை இந்த வரியோடு விட்டுவிடு.

நேற்றுப் பகல் நடந்ததையும் எழுதுகிறேன், உனக்கு வேறு விதமாகச் செய்தி வந்து சேரலாம். ஜனவரி முதல் எனக்கு இன்சுலின் ஊசி என்பதும், இந்த வருடம் எனக்கும் நோன்பு கூடாது என்று சொல்லப்பட்டதும் நீ அறிந்தவை. லுஹருக்குப் பின் சாப்பாட்டு மேசையில் சாகாமத்து எருமைத் தயிரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். முன்கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. உன் மாமியின் தம்பி ஜவுபர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்று, “காக்கா, என்ன வேலை இது, பட்டப்பகல்ல! ஆரும் கண்டா என்ன நினைப்பாங்க?” என்றார். நான் சோற்றுக் கோப்பையை மறைக்கவில்லை. “ஓம் ஜவுபர், சோறுதான். ஊசி போட்ட மனிசன் தின்னுறான் எண்டு நினைப்பாங்க. உனக்கும் சோறு போடச் சொல்லுவன், நோன்பாளியாப் போயிட்டாய்” என்றேன். உன் உம்மா உள்ளே நின்று சிரித்தது அவருக்கும் கேட்டிருக்கும். பிறகு அவர் கதிரையில் உட்கார்ந்து, வந்த காரியத்தை எடுத்தார். “சல்மா ராத்தா சொல்றா, உங்கட புள்ள போன வருஷம் நோன்ப விட்டதாலதான் பரக்கத் இல்லாமக் கரு நிக்காமப் போச்சாம். இந்த முறையும் சரிவரல்ல எண்டா முர்ஷிதுக்கு வேற இடம் ஒண்டு பாக்கத்தானே வேணும்” என்றார். நான் பிசைந்த சோற்றைத் தள்ளி வைத்தேன். “நீ இரிக்கிற கதிரையும் நப்லாட, மேல இரிக்கிற கூரையும் நப்லாட. அவட வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு அவளுக்குப் பகரம் ஆள் தேடாத. எழும்பு” என்றேன். எழும்பிப் போய்விட்டார். கல்யாணத்துக்கு முன் நான் உன் பெயருக்கு எழுதிய வீடு இது, நாங்கள் இருவரும் இதில் காவலுக்கு இருப்பவர்கள். முர்ஷிதிடமும் இரவே சொன்னேன். “மாமா, எனக்கு வேற இடம் தேவையில்ல, உம்மாட நான் கதைக்கிறன்” என்றார். கதைத்தாரா என்பதை எனக்கு எழுது.

அடுத்தது, மாமி கொண்டு வந்த தூள். தொலைபேசிக் குழுவில் யாரோ ஒரு பெண் விற்பதாம், குடலைக் கழுவிச் சுத்தமாக்கினால் கரு தங்குமாம், ஸஹருக்கு வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமாம். உன் குடல் அடுக்களைப் பானையல்ல, சாம்பல் போட்டுத் தேய்ப்பதற்கு. அந்தப் போத்தலை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டு, அவர் சொல்லாமல் ஒரு கரண்டியும் வாயில் வைக்காதே. குடலையும் உணவையும் கவனிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உனக்கு வயிறு ஒத்துழைப்பதில்லை, உடம்புக்குள் அழற்சி இருக்கிறது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். குடலும் கருப்பையும் மனமும் ஒரே உடம்புக்குள் இருப்பவை, ஒன்றைப் பட்டினி போட்டு மற்றதைப் பேண முடியாது. அங்குள்ள உணவு ஆலோசகர் எழுதித் தந்தவை எல்லாம் உனக்குத் தெரிந்த சாப்பாடுதானே? தயிர், கீரை, பருப்பு, சிறு மீன், தவிடு போகாத அரிசி. மஞ்சள் கறியில் போதும், குளிசையாக வேண்டாம். இவற்றைச் சாப்பிட்டால் பிள்ளை உறுதி என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். சிகிச்சையைத் தாங்க உடம்பு வேண்டும், அவ்வளவுதான். ஸஹருக்கு எழும்பாதே, தூங்கு. பகல் சோற்றைக் குசினியில் நின்றுகொண்டு அல்ல, மேசையில் உட்கார்ந்து சாப்பிடு. மாமி பார்த்தால் பார்க்கட்டும். முகம் சுளித்தால், வாப்பாவும் இந்த நேரம் கல்முனையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல். உண்மையாகவே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அல்லாஹ் உன் வயிற்றை ஆற்றி, உன் மடியை நிறைக்கட்டும். அவன் நாடாவிட்டாலும் நீ எந்த வகையிலும் குறைந்தவள் அல்ல, அப்படிச் சொல்பவர் யாராயினும் இந்த வீட்டு வாசலில் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். 27ஆந் திகதி மருத்துவமனைக்குப் புறப்படுமுன் தொலைபேசி எடு, மறந்துவிடாதே, உன் உம்மா காலையிலிருந்தே அதைக் கையில் வைத்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
எம். ஐ. நளீம்

இத்துடன் தோஹாவுக்குப் புறப்படும் ஜுனைட்டின் கையில் அனுப்பப்படுபவை:
1. தவிட்டுச் சிவப்பரிசி, இரண்டு கிலோ. உன் உம்மா கல் பொறுக்கியது, நான் மறுபடியும் பார்த்தேன்.
2. குரக்கன் மா, ஒரு பொதி.
3. வெயிலில் உலர்த்திய முருங்கை இலை.
4. சல்மா உம்மாவுக்கு ஒரு கடிதம். மரியாதையாகவே எழுதியுள்ளேன். உறையை ஒட்டவில்லை, முதலில் நீ வாசித்துவிட்டுக் கொடு.
5. தண்ணீர்ப் போத்தல் ஒன்று. கண்ணாடிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரிய வேண்டும். பகலில் மேசையின் நடுவில் வை.