அம்மா சொன்ன சரி

ஓர்லியான்,
5.9.1982

சௌபாக்கியவதி செல்வாம்பாளுக்கு, இராமதாஸ் எழுதுவது. வேம்பு, இதை அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு.

நான் சுகம். முட்டிவலி மட்டும் போகவில்லை. பதினாலு வருஷமாக ஞாயிறு என்றால் எனக்குத் துணி துவைக்கும் நாள். பாக்டரியில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கிடையாது. போன மாதம் போர்மேன் முசே ஜெரார், மான் வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டார். இங்கே அதற்குப் பிரெஞ்சு சர்க்காரே பெர்மி, அதாவது லைசென்ஸ், கொடுக்கிறது, திருட்டு வேலை இல்லை. ஐம்பத்துநாலு வயதில், சின்னப் பயல்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். சிரிக்காதே.

துப்பாக்கியை இன்னும் தொடவில்லை. பட்டாளத்திலிருந்து வந்ததும், இனித் தொடமாட்டேன் என்று அம்மன் கோயிலில் உன் எதிரே கற்பூரம் அணைத்தேன். மறக்கவில்லை. வாங்கினவளே சத்தியத்தை விட்டுக்கொடுத்தால் தோஷமில்லை என்பார்கள். சரி என்று ஒரு வார்த்தை எழுதச் சொல். பொங்கலுக்கு வந்துவிடுவேன், பிறகு திரும்பப் போவதில்லை.

இராமதாஸ்


உப்பளம்,
27.9.1982

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மா சொல்ல வேம்பு எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சுகம். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அம்மாவுக்கு இடுப்பு வலி. நான் எட்டாவதோடு நின்ற பிறகு வீட்டு வேலையும் தையலும் சரியாக இருக்கிறது. போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். அம்மா இன்னும் திட்டுகிறாள்.

நீங்கள் கேட்டதற்கு அம்மா சரி என்று சொன்னாள். குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போகவும்.

பொங்கலுக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் மகள்
வேம்பு


ஓர்லியான்,
21.11.1982

செல்வாம்பாளுக்கு,

நான் சுகம். நீ சரி சொன்ன கடிதம் வந்த அன்று அழுதுவிட்டேன். உன் மனசு இவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

விடியலில் போய் மரத்தோடு மரமாக நிற்க வேண்டும். அசையக்கூடாது, பேசக்கூடாது. காலெல்லாம் மரத்துப்போகும். நாலு ஞாயிறு ஒன்றும் வரவில்லை. ஐந்தாவது ஞாயிறு ஒரு கலைமான். விழுந்ததும் எல்லாரும் ஓடிவந்து, “தாஸ், தாஸ்” என்று முதுகில் தட்டினார்கள். கறியைப் பங்குபோட்டோம். படம் வைத்திருக்கிறேன், பார்.

சீசன் பிப்ரவரி கடைசிவரை. நடுவில் விட்டுவிட்டு வந்தால் குழுவில் என் இடம் போய்விடும். அதனால் பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் பார்ப்போம். நீதான் புரிந்துகொள்கிறவள் ஆயிற்றே.

இராமதாஸ்


உப்பளம்,
12.12.1982

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் வேட்டையையெல்லாம் விட்டுவிட்டு, சுகம் என்ற வரியை மட்டும் படித்தேன். ஆனால் படம் கீழே விழுந்துவிட்டது. படம் பார்க்க எழுத்துத் தெரிய வேண்டாமே. அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எடுத்தாள்.

“இது யாரு?”

“அப்பா.”

“அது தெரியுது. கையில இன்னா?”

“துப்பாக்கி.”

“நான் இன்னா சொன்னேன், நீ இன்னாடி எழுதின?”

அன்றைக்கு அம்மா சொன்னது இதுதான்: “தொட்டா இந்த வாசப்படி மிதிக்க வேணாம்னு எழுது.” சரி என்று நான்தான் எழுதினேன். உங்களை நான் நேரில் பார்த்தது நாலே தடவை. நாலு தடவை பார்த்தவரிடம் கூடாது என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் கடிதத்தில்தான் முதல்தடவை நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள். மன்னித்துவிடுங்கள்.

அம்மா அடிக்கவில்லை. உங்கள் கடிதத்தை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மீதி மீனையும் ஆய்ந்து முடித்துவிட்டு, “எழுது, நான் சொல்றத மட்டும் எழுது” என்று உட்கார்ந்தாள். இனி வருவது அம்மா சொன்னது.

“துப்பாக்கியத் தொட்டது உங்க தப்பு இல்ல. பொண்ணு பொய் எழுதிட்டா, அந்தப் பாவம் எங்களோட போவட்டும். ஆனா பொங்கலுக்கு வரலன்னு சொன்னது நீங்க. அத நானும் எழுதச் சொல்லல, அவளும் எழுதல. அங்க உங்களப் பேர் சொல்லிக் கூப்புடறாங்களாமே. நல்லா இருங்க. நான் உங்களப் பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்ல. எனக்கு ஒடம்பு அசந்துபோச்சு. இனிமே நீங்க வர்ற தேதி பாக்கறதா இல்ல.”

இவ்வளவுதான் சொன்னாள்.

இனிமேல் உங்கள் கடிதங்களை நான் படிக்கப் போவதில்லை. எதிர்வீட்டுக் கோவிந்தராசு மாமா படிப்பார். அவருக்குக் காது மந்தம், தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் படிப்பார். பார்த்து எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்து, முழுக்கப் படிக்கக் கேட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். கேட்டு முடித்ததும் கீழே விரல் வைப்பாளாம். இதுவரை நான் எழுதிய எதற்கும் அவள் விரல் வைத்ததில்லை.

வேம்பு

(செல்வாம்பாள் இடதுகைப் பெருவிரல் ரேகை)