பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு கயிறு

டிசம்பர் 10, புதன்

கிரிக்கெட் மைதானக் காவல் வேலைக்கு மூன்று மணி நேரப் பயிற்சி. சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டத்தின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஐந்து நாளில் ஒரு பந்தைக்கூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது. "திரும்பினா கேமராவுல தெரியும். தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் லாக்லன், எங்கள் மேற்பார்வையாளர். கிரிக்கெட் பிடிக்கும் என்பதால்தான் நான் இந்த வேலைக்கே மனுப் போட்டேன்.

ஐந்து நாளும் புகார் இல்லாமல் முடித்தால் கோடை முழுவதற்கும் நிரந்தரப் பட்டியலில் பெயர். இல்லையென்றால் பழைய கதைதான். விடிகாலை ஐந்து மணிக்குப் போனைப் பார்த்து, இன்று எனக்கு வேலை உண்டா, நான் மனுஷியா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடமாக அப்படித்தான். இந்தப் பட்டியல் எனக்கு வேண்டும். எழுதிவைக்கிறேன், பிறகு நானே மறந்துவிடக் கூடாது.

டிசம்பர் 11, வியாழன்

வாரட்டா ஓவல் மைதானத்தின் வெளிச்சுவர் முழுக்க விளம்பரம். "போர்." "பழி." "இம்முறை இரக்கமில்லை." இரண்டு நாட்டுக் கேப்டன்களும் பல்வலி வந்தவர்கள் மாதிரி முறைக்கிறார்கள்.

இந்த வருடம் புதிதாக ஓர் ஏற்பாடு. இங்கிலாந்து ரசிகர்கள் 17ஆம் பகுதி. நம் ஆஸ்திரேலியக்காரர்கள் 18. நடுவில் கயிறு. கயிற்றடியில் நான். இதற்கு முன்னால் இங்கே சண்டை நடந்திருக்கிறதா என்று லாக்லனைக் கேட்டேன். "இதுவரைக்கும் இல்ல. இனிமே வரலாம்ல?"

மேலே குளிர்சாதன அறைகளில் கயிறு இல்லை. லண்டன் வங்கிக்காரரும் நம் ஊர்ச் சுரங்க முதலாளியும் ஒரே மேசையில் இறால் தின்பார்கள். அவர்களுக்குள் பகை வராதாம்.

டிசம்பர் 12, வெள்ளி. முதல் நாள்

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நெவ் டூலன். சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மஞ்சள் தொப்பி. அந்தப் பக்கம் க்ளிஃப் ஆர்மிடேஜ். இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி ஊர், பஸ் மெக்கானிக், எழுபத்தொரு வயது, நெற்றியிலிருந்து முழங்கால்வரை வெயிலில் வெந்த சிவப்பு. இருபத்தாறு வருடமாக, இங்கிலாந்து அணி இங்கே வரும் போதெல்லாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்த முறையும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். நடுவில் கயிறும் நானும்.

"பொண்ணு, அந்தப் பக்கத்து வெந்த கத்திரிக்காகிட்ட ஒரு சேதி சொல்லு. அவங்க தொடக்க ஆட்டக்காரன் பேட்ட இன்னும் பெட்டியிலேர்ந்தே எடுக்கலன்னு" என்றார் நெவ்.

"அவரே கேக்கறாரு, நாலடி தூரத்துலதான் இருக்காரு."

"நாங்க இப்ப வேற வேற நாடு. முறைப்படி தூதர் மூலமாத்தான் பேசணும்."

க்ளிஃப் என்னிடம் சொன்னார்: "அவன்கிட்டச் சொல்லும்மா, நாங்க தேநீர் குடிக்கறதுக்காக விக்கெட் குடுக்கறோம். இது நாகரிகம். அவனுக்குப் புரியாது."

ஆட்டம் முடிந்ததும் ஒரு வழக்கம். இன்றைய நாள் யாருடையது என்று வாதிடுவார்கள். தோற்றவர் மற்றவரின் ஐஸ் பெட்டியை ரயில் நிலையம்வரை தூக்க வேண்டும். இருவரும் ஒரு முறைகூட ஒப்புக்கொண்டதில்லையாம். எனவே என்னை நடுவராக்கினார்கள்.

"நான் ஒரு பந்துகூடப் பாக்கல."

"அதான் தகுதி" என்றார் நெவ். "பாத்தவன் எவனும் நடுநிலையா இருக்க மாட்டான்."

முகங்களை வைத்துத் தீர்ப்புச் சொன்னேன். மதியத்துக்குப் பிறகு 17இல் பாட்டு நின்றுவிட்டது, நாள் ஆஸ்திரேலியாவுடையது. க்ளிஃப் பெட்டியைத் தூக்கியபடி, "கைக்கூலி, கைக்கூலி" என்று புலம்பிக்கொண்டே போனார்.

டிசம்பர் 13, சனி. இரண்டாம் நாள்

கால் வீங்கிவிட்டது. இன்று நாள் இங்கிலாந்துடையது. நெவ் என்னைத் தேசத் துரோகி என்றார். பிறகு இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றைத் தக்காளி சாஸ் ஊற்றி என் கையில் வைத்தார். வேலை நேரத்தில் தின்னக் கூடாது. கயிற்றுக்கு அடியில் குனிந்து தின்றேன்.

டிசம்பர் 14, ஞாயிறு. மூன்றாம் நாள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஏன் எழுத வேண்டும் என்று கடைசியில் தெரியும்.

மதிய இடைவேளையில் இமொஜன் வந்தாள். மைதானத்தின் விளம்பரப் பிரிவு. கூடவே கேமராக்காரன். அடுத்த கோடைக்குப் படம் வேண்டுமாம். நெவ்வையும் க்ளிஃபையும் கயிற்றின் இரு பக்கமும் மூஞ்சிக்கு மூஞ்சி நிற்கவைத்தாள்.

"எனக்கு வெறுப்பு வேணும். நெவ், நீங்க இவர வெறுக்கறீங்க."

"எப்பலேர்ந்து?"

"கற்பனை பண்ணிக்கோங்க."

நெவ் முறைத்தார். க்ளிஃப் முறைத்தார். மூன்று வினாடி. பிறகு இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். மறுபடி. மறுபடி சிரிப்பு. "போன தடவ இவன் வீட்டுல தங்கினப்ப இவன் பொண்டாட்டி எனக்கு ஒரு குழம்பு வெச்சா" என்றார் க்ளிஃப். "அத நெனச்சா கொஞ்சம் வெறுப்பு வருது. பத்துமா?"

"சட்டையப் பிடிங்க" என்றாள் இமொஜன். "கத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்."

கிழவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெவ் சட்டையைப் பிடித்தார். க்ளிஃப் நெவ்வின் கழுத்தைப் பிடித்தார். "நாங்க கப்பலேத்தி அனுப்பின குற்றவாளிப் பரம்பரையே!" என்றார் க்ளிஃப். "வெந்நீரக்கூட வேகவெக்கத் தெரியாதவனே!" இரண்டு பகுதியும் எழுந்து நின்று ஊளையிட்டது. நாடகக் கொட்டகையில்கூட இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை. நானும் கை தட்டினேன் என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவனுக்குச் சத்தம் கேட்காது, படம் மட்டும்தான். அரை நிமிடத்தில் ஆறு பாதுகாவலர்கள். க்ளிஃபின் கையைப் பின்னால் முறுக்கினார்கள். "நடிப்புப்பா, நடிப்பு! அந்தப் பொண்ணுதான் செய்யச் சொன்னா!" என்று நெவ் கத்தினார். இமொஜன் கேமராக்காரனிடம், "இதையும் எடு, இதையும் எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்ததும் போய்விட்டாள்.

மாலையில் லாக்லன் ஒரு படிவம் கொண்டுவந்தார். மூன்று கட்டம்: சொல் தகராறு, கைகலப்பு, இரண்டும்.

"அவங்க சண்டையே போடல" என்றேன்.

"அதுக்குக் கட்டம் இல்ல, டார்சி."

"இமொஜன்தான் செய்யச் சொன்னா."

"அவ பேர எழுதவும் எடம் இல்ல. பாரு, சட்டையப் பிடிச்சாங்கன்னு கேமராவுல இருக்கு. கயித்துல நின்னவ நீ. ஒண்ணு அவங்க மேல தப்பு, இல்லன்னா தடுக்காத உன் மேல தப்பு. இன்னும் ரெண்டு நாள்தான் பாக்கி, யோசிச்சுக்கோ."

முதல் கட்டத்தில் குறி போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

இருவருக்கும் ஐந்து வருடத் தடை. அடுத்து இங்கிலாந்து இங்கே வருவது நாலு வருடம் கழித்து. அதற்கும் அடுத்தது எட்டு வருடம் கழித்து, அதற்குள் க்ளிஃபுக்கு எண்பது நெருங்கிவிடும்.

கத்தினாங்கதானே? சொல் தகராறுதானே? பொய்யா எழுதினேன்?

பொய்தான்டி.

டிசம்பர் 15, திங்கள். நான்காம் நாள்

கயிற்றிலிருந்து எடுத்து ஆறாம் வாசலில் போட்டார்கள். பரிசு மாதிரி. நிழல், நாற்காலி.

வாசலுக்கு எதிரே பூங்கா. அங்கே மரத்தடியில் மடக்கு நாற்காலி இரண்டு, ஐஸ் பெட்டி இரண்டு, ரேடியோ ஒன்று. நெவ்வும் க்ளிஃபும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே காசு கொடுத்தும் கிடைக்காத இருக்கை.

சாப்பாட்டு நேரத்தில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

"வா பொண்ணு! கேட்டியா, எவனோ ஒரு நாய் கையெழுத்துப் போட்டிருக்கு" என்றார் நெவ்.

"நான்தான்."

அவர் வாயைத் திறந்தார். அந்த வினாடியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரும் கூச்சல். ரேடியோ பத்து வினாடி தாமதம், சுவர்தான் முதலில் சேதி சொல்லும். விக்கெட். நெவ் என் பக்கம் விரலை நீட்டினார். "இரு, உன்னத் திட்டறேன். இந்த ஓவர் முடியட்டும்."

ஓவர் முடியும்வரை நின்றேன். முடிந்ததும் நெவ் தொப்பியைக் கழற்றினார், போட்டார்.

க்ளிஃப்தான் கேட்டார். "எந்தக் கட்டம்?"

"சொல் தகராறு."

"கைகலப்பு இல்லயா?" உண்மையிலேயே புண்பட்டுவிட்டார். "கழுத்தப் பிடிச்சேனேம்மா."

நெவ் சிரிக்கவில்லை. "நாப்பது வருஷம் யூனியன்ல இருந்தேன். பயந்து கையெழுத்துப் போட்டவங்க நெறையப் பேரப் பாத்திருக்கேன். ஒருத்தரையும் மன்னிச்சதில்ல. போ, உன் வாசலப் பாரு."

திட்டியிருக்கலாம்.

அதே நாள், மாலை

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முழுத்தாளில் எழுதினேன். இமொஜன் பெயர், நேரம், அவள் சொன்ன வார்த்தைகள். நேற்றுப் போட்ட குறி பொய் என்றும் எழுதினேன். நேற்று இந்த நோட்டில் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதினேன், ஒரு சொல் மாற்றவில்லை.

லாக்லன் இரண்டு முறை படித்தார். "உன்னப் புத்திசாலின்னு நெனச்சேன்." பிறகு, கெட்ட மனிதர் இல்லை அவர், கொஞ்சம் வருத்தமாகவே, "இந்தத் தாள வெக்க ஃபைல் இல்ல" என்றார்.

சீருடையான ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். நகல் ஒன்று நெவ்வுக்கு. ஒன்று க்ளிஃபைக் கூட்டிவந்த சுற்றுலாக் கம்பெனிக்கு.

டிசம்பர் 16, செவ்வாய். ஐந்தாம் நாள்

சுற்றுலாக் கம்பெனி ஒவ்வொரு முறையும் எட்டாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்குகிறது. காலை ஒன்பதரைக்கு மனுக் கொடுத்தார்கள். பத்தரைக்கு க்ளிஃபின் தடை நீங்கியது, மன்னிப்புக் கடிதமும் இலவசத் தொப்பியும்.

நெவ்வும் அதே தாளை அதே ஜன்னலில் கொடுத்தார். "முப்பது வேலை நாட்களில் பரிசீலிக்கப்படும்." ஒரே சம்பவம், ஒரே சாட்சி. ஆனால் இவருக்குப் பின்னால் எட்டாயிரம் பேர் இல்லை. உள்ளூர்க்காரன் எங்கே போய்விடுவான்?

நம்மவர்கள் ஜெயிக்க இன்னும் 94 ஓட்டம், கையில் நாலு விக்கெட். க்ளிஃப் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நான் போகல. நீ இல்லாம என்னடா ஆட்டம்?"

"டேய், பன்னண்டாயிரம் மைல் வந்து மரத்தடியில ரேடியோ கேக்கப் போறியா? உள்ள போ."

"போக மாட்டேன்."

"போடா. உங்க ஆளுங்க தோக்கறத உங்கள்ல ஒருத்தனாவது நேர்ல பாக்க வேணாமா?"

க்ளிஃப் பத்து நிமிடம் நட்பைப் பற்றிப் பேசினார். பதினோராவது நிமிடம் ஒரு விக்கெட் விழுந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அந்த வயதில் ஒரு மனிதன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

நெவ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காலி நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டே காலுக்குச் சுவர் முழுக்க அமைதி. ஒரு மூலையில் மட்டும் பாட்டு. "போச்சு" என்றார் நெவ். பத்து வினாடி கழித்து ரேடியோவும் அதையே சொன்னது.

டிசம்பர் 19, வெள்ளி

ஐந்து மணி. போனில் எதுவும் இல்லை.

டிசம்பர் 20, சனி

இல்லை.

ஜனவரி 12, திங்கள்

மருத்துவமனைத் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. போனில் கூப்பிடும் அன்றாட வேலை இல்லை, நேரடி வேலை. சூடு, நாற்றம். தொழிற்சங்கத்தில் சேர நெவ் படிவம் கொடுத்தார். முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

பிப்ரவரி 20, வெள்ளி

நெவ்வுக்குப் பதில் வந்துவிட்டது. பரிசீலித்தார்களாம். தடை தொடரும்.

சாயங்காலம் போன் செய்தார். "மைதானத்துக்கு வா. கேமரா நல்லா இருக்கற போனோட வா."

ஆறாம் வாசலுக்கு மேலே, மூன்று மாடி உயரத்துக்கு நெவ். க்ளிஃபின் சட்டையைப் பிடித்தபடி, கண் பிதுங்க, வாய் கிழிய. கீழே: "வெறுப்பைத் தவறவிடாதீர்கள். அடுத்த கோடைக்கு இப்போதே பதிவு செய்யுங்கள்."

அதற்கடியில் நின்று ஒரு படம் எடுத்து க்ளிஃபுக்கு அனுப்ப வேண்டும் என்றார். நின்றார். இரண்டடி நகரச் சொன்னேன். அதற்குள் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிவந்தாள், புதுசு, கையில் போனில் பெயர்ப் பட்டியல்.

"மன்னிக்கணும் ஐயா. நீங்க தடைப் பட்டியல்ல இருக்கீங்க. சுவர்லேர்ந்து அம்பது மீட்டர் தள்ளித்தான் நிக்கணும்."

"எப்படிம்மா என்னக் கண்டுபிடிச்ச?"

அவள் மேலே பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முகம் சிவந்துபோயிற்று.

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்திலிருந்து எடுத்தோம். படத்தில் சுவரில் இருக்கும் நெவ்தான் தெரிகிறார். நிஜ நெவ் சுண்டு விரல் அளவு, ஓரத்தில், பஸ் கால அட்டவணைக்குப் பக்கத்தில்.

க்ளிஃபிடமிருந்து உடனே பதில்: "இருபத்தாறு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருந்தும் உன் மூக்கு இவ்ளோ பெருசுன்னு தெரியாமப் போச்சேடா."

நெவ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, பதில் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு பஸ் போய்விட்டது.