முன்வரிசைக்குக் குடை

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் வலது மணிக்கட்டைத் தவிர நாங்கள் மூவரும் நலம். மாவுக்கட்டு பிரிக்க இன்னும் பத்து நாள் ஆகும் என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அவளைப் பற்றிய கடிதத்தை அவளையே எழுத வைப்பது நியாயமா என்று அப்பா கேட்டார். அவளோ, "நானே எழுதுறேன், அப்பதான் பிழை இருக்காது" என்று பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள். நீ வேளைக்குச் சாப்பிடு. குளிர் என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே.

போன ஞாயிறு போனில் நான் வாளி என்று சொன்னதுமே நீ கத்திவிட்டு வைத்துவிட்டாய். மேடையில் கட்டுரை வாசிக்கும்போது இவள் வாந்தி எடுத்து, பள்ளிக்கூடமே சிரித்து, அதனால்தான் மூன்று மாதமாக வீட்டுக்குள் கிடக்கிறாள், அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஜோக் அடிக்கும் கவுன்சலர் எதற்கு, உடனே நிறுத்து என்றாய். நீ பதறியது புரிகிறது. ஆனாலும் நிறுத்தப்போவதில்லை, மீதியையும் கேள்.

அந்தக் கவுன்சலர் அம்மாளின் அறையில் ஒரு நாற்காலி உண்டு, உட்கார்ந்தாலே கிறீச்சிடும். முதல் இரண்டு வாரம் இவள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் உட்கார்ந்ததும் அது கத்த, அவர் நாற்காலியைப் பார்த்து, "நானும் சாப்பாட்டைக் குறைச்சுட்டேன், இதுக்கு மேல என் மானத்தை வாங்காதே" என்றாராம். இவள் மூக்கால் சிரித்திருக்கிறாள். உடனே ஒரு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் நீட்டி, இனி என் ஜோக்குக்கெல்லாம் நீதான் மார்க் போட வேண்டும் என்றாராம். உன் தங்கையைத் தெரியுமே, கறார் வாத்தியார், பத்துக்கு மூன்றைத் தாண்டவே இல்லை.

அப்புறம்தான் ஒரு நாள் அவர், "மேடைக்கு ஒரு வாளியும் எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். இவள் நோட்டை மூடிவிட்டு வந்தவள், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் நானும் கூடப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அந்த நோட்டில் தனக்கு முட்டை போட்டுக் காட்டினார். "அது உன் கதைம்மா. நீ சிரிக்கறதுக்கு முன்னாடி நான் சிரிச்சது தப்பு, மன்னிச்சுக்கோ" என்றார். பெரியவர்கள் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் உங்கள் இருவரிடமும் கேட்டதில்லை. இந்த வரியை எழுதாமல் உன் தங்கை என்னையே பார்க்கிறாள், எழுது என்றேன்.

நேற்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அது சரியாகச் சாத்தாத கதவு. உள்ளே இவள் குரல் கேட்டது. "வாளியெல்லாம் பத்தாது மேடம், முன்வரிசைக்குக் குடை குடுத்திருக்கணும்." அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சிரிக்கலாமா?" என்று கேட்டார். இவள் தலையை ஆட்டினாளாம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்த நாற்காலி வேறு கூடச் சேர்ந்து கத்தியது. நான் கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போய் மூக்கில் இடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன் என்கிறாள், முதல் இரண்டு பீரியட் மட்டும். பிள்ளைகள் மறுபடி சிரித்தால் என்ன செய்வாய் என்றேன். "மார்க் போடுவேன்" என்கிறாள். சொல்லிவிட்டாளே தவிர, திங்கட்கிழமை என்ற வார்த்தையை இரண்டு தடவை அடித்து எழுதினாள். இதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

ஆகவே ஞாயிறு கூப்பிடும்போது தைரியமாக இரு, பயப்படாதே என்று பாடம் எடுக்காதே. அவளைச் சிரிக்க வைக்கவும் முயலாதே. அவளாக ஏதாவது சொன்னால் கொஞ்சம் பொறு, சிரிக்கலாமா என்று கேள். மறந்துவிடாதே. நீ உடம்பும் மனசும் நன்றாக இருக்க அப்பாவும் நானும் ஆசி சொல்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா

அக்கா, மேலே உள்ள கையெழுத்து அம்மா இடது கையால் போட்டது. பத்துக்கு இரண்டு. குடை ஜோக்குக்கு இன்னும் மார்க் போடவில்லை, தன் விடைத்தாளைத் தானே திருத்தக் கூடாது. அதை நீ போடு. சிரிக்கலாம்.
தங்கை