சபைக்கு முதுகு காட்டாத கும்மி

ஆடி 4, வெள்ளி

விடிந்ததிலிருந்தே காற்று. மேற்கே மலை தெரியவில்லை, சாரல். உத்தமபாளையத்திலிருந்து சீனி, மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

மகன் நடராசன் பெண்சாதி லட்சுமி, பிள்ளையோடு பினாங்கிலிருந்து வந்து ஆறு நாள். இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். முதலில் பேரப்பிள்ளைகள் சங்கதி. மூத்தவன் கணேசன் சீனியர் பரீட்சை பாஸ், துறைமுக ஆபீசில் கிளார்க். லீவு இல்லை, வரவில்லை. அடுத்தவன் முருகேசன், பந்து விளையாட்டில் வெள்ளிக் கப். பள்ளிக்கூடம் என்று அண்ணனோடு இருந்துகொண்டான். கடைசி சிவகாமி, பத்து வயது. அங்கே நம் ஜனங்கள் கூடி நடத்தும் சங்கத்தில் தமிழுக்கு முதல் பரிசு. பொங்கல் விழாக் கும்மியில் முன்னடி எடுத்துப் பாடுவதும் அவள்தான். நம் குடும்பத்தில் இதுவரை யாரும் மேடை ஏறியதில்லை.

சங்கம் என்றால் சும்மா இல்லை. ஞாயிறுதோறும் கோயில் கொட்டகையில் தமிழ் வகுப்பு. உள்ளே மலாய் பேசினால், 'தமிழில் பேசுவேன்' என்று பலகை நிறைய எழுத வேண்டுமாம்.

பிள்ளையின் பேச்சு அச்சடித்த மாதிரி. அடுத்த வீட்டுப் பேச்சியிடம், "தாங்கள் உணவருந்திவிட்டீர்களா?"

பேச்சி: "ஏ ஆத்தா! தாலுகா ஆபீசுல மனுக் குடுக்கறாப்புலல்ல கேக்குது! அருந்திட்டேன் தாயி, அருந்திட்டேன். கம்பங்கூழு."

ஆடி 5, சனி

குச்சனூர் கோயிலுக்குப் போய் வந்தோம். ஆடிச் சனி, கூட்டம் சொல்லி மாளாது. முழங்கால் வீக்கம்.

வரிசையில் நிற்கும்போது நடராசன் மெதுவாக, "ஆத்தா, சிவகாமிய உங்கிட்டயே விட்டுட்டுப் போகட்டா? இங்கன வளந்தா சங்கமும் வேணாம், வகுப்பும் வேணாம். தமிழு தானா வந்துரும்."

"லச்சுமி என்ன சொல்றா?"

"அவ என்னத்தச் சொல்லுவா."

லட்சுமி எள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் விழுந்திருக்கும்.

அவர் போன பிறகு இத்தனை வருஷமும் ஒரு ஆளுக்குத்தான் உலை. இருமினால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. சரி என்று உடனே சொல்லிவிட்டேன். வண்டியில் வரும்போதே பாவாடைத் துணி, ரிப்பன், எந்தப் பள்ளிக்கூடம் எல்லாம் மனசில் ஓடியாயிற்று.

ஆடி 8, செவ்வாய்

அம்மன் கோயில் கும்மி. சிவகாமியை நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன், ஊர் பார்க்கட்டும் என்று. குரல் கணீர். தட்டும் சுத்தம். ஆனால் பாதி வட்டம் வந்ததும் டக்கென்று திரும்பி, வேடிக்கை பார்க்கும் ஜனங்களைப் பார்த்து நின்றுவிட்டாள். பின்னால் வந்த பேச்சி இவள் மேல், பேச்சி மேல் இன்னும் நாலு பேர். ஒரே சிரிப்பு.

"ஏ புள்ள, ஏன் நின்னுட்ட? சுத்தி வா!"

"சபைக்கு முதுகு காட்டக் கூடாது" என்றாள்.

"இங்கன ஏது தாயி சபை? முளைப்பாரி நடுவுலல்ல இருக்கு. அங்கிட்டுப் பாத்து ஆடு!"

பினாங்கில் மேடையாம், எதிரே நாற்காலி போட்டுப் பெரிய மனிதர்கள். அதனால் அரை வட்டம்தான். முழு வட்டத்தை இவள் கண்ணால் பார்த்ததே இல்லை.

திரும்பக் கூப்பிட்டார்கள். போகவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை.

ஆடி 10, வியாழன்

பயறு புடைத்துக்கொண்டிருந்தேன். சிவகாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பத்தா, நான் இங்கே இருந்துவிட்டால் அங்கே முன்னடி யார் எடுப்பார்கள்? மற்றவர்களுக்கு இரண்டாவது பாட்டு வராது. இங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் வெளியே வந்த பின்பும் கும்மி நிற்கவே இல்லை."

"முழு வட்டமும் பழகிக்கலாம்டி" என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர்.

நடராசன்: "சின்னப் புள்ள பேச்சு. நீ ஒரு வார்த்தை இருன்னு சொல்லு ஆத்தா, இருந்துக்குவா."

இருப்பாள். சொன்னால் இருப்பாள். அதுதான் உறுத்துகிறது.

மத்தியானம் முழுக்கப் படுத்தே கிடந்தேன். தூக்கம் இல்லை. சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, "கூட்டிட்டுப் போ. இந்த முழங்கால வச்சுக்கிட்டு என்னால பிள்ளை வளக்க ஏலாது."

லட்சுமி அடுப்படியிலிருந்து வந்து என் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்தாள். கல்யாணமாகி வந்து இதுதான் முதல் தடவை. கை பதமான கைதான்.

ஆடி 14, திங்கள்

போயாச்சு. தேனியில் ரயில், நாகப்பட்டினத்தில் கப்பல். சுண்டைவற்றல், கருப்பட்டி, கொஞ்சம் பயறு கட்டிக் கொடுத்தேன். ஏறும்போது பிள்ளை, "போய் வருகிறேன், அப்பத்தா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அதே அச்சடித்த பேச்சு. ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

பேச்சி வந்தாள். "என்ன மதினி, இருக்க வச்சுக்குவீகன்னு பாத்தேன். விட்டுட்டீகளே?"

"அவளுக்கு அங்கன சோலி கெடக்கு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பேச்சி போனதும் கதவைச் சாத்தினேன்.

பாய் மூன்றையும் உதறிச் சுருட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. சமைக்கவில்லை, காலையில் மிஞ்சியது போதும்.

நடராசனுக்குக் கடுதாசி எழுத வேண்டும். கப்பல் சௌக்கியமா என்று முதலில். பிறகு, பொங்கல் கும்மி முடிந்த கையோடு சிவகாமியைப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும். நின்றபடி எடுக்கட்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். அது இருந்தால்தான் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.