மந்திரியை ஏற்ற வரும் வண்டி

ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மந்திரியை அழைத்துப் போகலாமா என்று கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். இருபதாம் தேதி வருகிறேன், நாய் ஏற்றும் வண்டிக்கும் சொல்லிவிட்டேன். விடுதி அறையில் நாய் கூடாது என்றதால்தானே அவனை உங்களிடம் விட்டேன்? இப்போது கீழ்த்தளத்தில் வீடு, பின்னால் கொஞ்சம் மண்தரை. அவன் போர்வையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

உங்கள் செல்ல மகள்

ஏப்ரல் 8

அன்பு மகளே,

முதலில் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நான் எழுதிய "பார்க்கலாம்", யோசித்துப் பார்க்கலாம் என்ற பொருளில். நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாய். பிழை என்னுடையதே. உன் அம்மா இருந்திருந்தால், "அவரு பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம்டி" என்று விளக்கியிருப்பாள்.

செவ்வாயும் வெள்ளியும் மந்திரியை மருத்துவமனைப் பிணவறை ஊழியர்களின் ஓய்வறைக்கு அழைத்துப் போகிறேன். உடலைக் கழுவி, உடுத்தி, குடும்பத்துக்குக் காட்டுகிறவர்கள் அவர்கள். நான் மூலையில் செய்தித்தாளோடு உட்காருவேன். யாரிடம் போவது என்பதை அவனே முடிவு செய்வான்.

"பஸ்ல நான் உக்காந்தா பக்கத்து சீட்டு காலியாவே இருக்கும் சார். மோந்து பாத்துட்டும் கிட்ட வர்றது இவரு ஒருத்தருதான்" என்றார், கழுவுகிறவர்.

"ஏமாறாதய்யா, மந்திரி ஓட்டு கேக்க வந்திருக்காரு. பிஸ்கட் தீந்தா அடுத்த தொகுதிக்குப் போயிடுவாரு" என்றார் அமரர் ஊர்தி ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை பள்ளி வேன் விபத்து. கழுவுகிறவர் பாதியில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் கையிலும் பிஸ்கட் இல்லை. மந்திரி போய் அவர் மடியில் படுத்தான். பிறகு அவர் எழுந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, மீதி வேலைக்கு உள்ளே போனார்.

இருபதாம் தேதியை இன்னொரு முறை யோசிக்க முடியுமா? உன் விருப்பம்தான்.

அப்பா

ஏப்ரல் 12

அப்பா,

உன் விருப்பம்தான் என்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்கு உங்கள் விருப்பத்தை எழுதியிருக்கிறீர்கள்.

என் வேலை என்னவென்று மறந்துவிட்டதா? அவசரப் பிரிவில், "காப்பாத்த முடியல" என்று குடும்பத்திடம் சொல்கிறவள் நான். உங்கள் ஆட்களைப் போன்றவர்களிடம் உடல் போய்ச் சேரும் முன்பே, பெற்றவள் முகத்தை நான் பார்த்தாக வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். அவருக்கு மடி இருக்கிறது, எனக்கு இல்லையா?

தருவீர்களா, மாட்டீர்களா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள். வண்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 15

மகளே,

மாட்டேன்.

இதற்குக் கீழே எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் காரணங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் மழுப்பிவிடுவேன். உன் வேலையை மறக்கவில்லை. நீ கேட்டதில் நியாயம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். அவனுக்குப் பதில் நான் வந்து உன்னோடு இருக்கட்டுமா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் நான் யாருக்கும் ஆறுதலாக இருந்த ஆள் இல்லை.

இந்த முறையும் தவறாகப் புரிந்துவிடக்கூடாது என்பதால் மறுபடியும்: தர மாட்டேன்.

அப்பா

ஏப்ரல் 19

அப்பா,

வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானும் வரவில்லை. வீட்டு வாசலில் சாமான் விற்க வருகிறவனிடம்கூட இல்லை என்று சொல்லத் தெரியாதவர் நீங்கள். முதல் "மாட்டேன்" எனக்கு வந்திருக்கிறது. கோபம் தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாளைக்குக் கடிதம் போடாதீர்கள்.

இன்று ஒரு தகப்பனிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டுப் பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு தலை வந்து முட்டும் என்பதுபோல.

கழுவுகிறவரிடம் சொல்லுங்கள்: இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் அவனுக்குப் பிடிக்கும். வலது காதில் பழைய புண் இருக்கிறது. அங்கே தொட வேண்டாம்.